யெல்லோஸ்டோன் ஏரியில் தூண்டிலும் கூடாரமும்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலுள்ள பெரிய ஏரியில் தூண்டில் போடுகிறவர் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு விதிகளுக்கு ஒரே வேளையில் கட்டுப்பட்டவராகிறார். முள்ளில் அகப்படுவது கட்த்ரோட் டிரவுட் என்னும் மீனாக இருந்தால் அதைக் காயப்படுத்தாமல் உடனே நீரில் விட்டுவிட வேண்டும். ஏரி டிரவுட் என்னும் மீனாக இருந்தால், அது எவ்வளவு சிறியதாயினும் உயிரோடு திரும்ப விடக்கூடாது, கொன்றே தீர வேண்டும். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த, பழகாத கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும் இவ்விரு மீன்களுள் ஒன்றுக்கு முழு அடைக்கலமும் மற்றொன்றுக்கு மரணமும் விதிக்கப்பட்டிருப்பதன் காரணத்தை அறியாமல் அங்கே கூடாரம் அடித்துத் தங்கித் திரும்புகிறவர், அந்த ஏரியைப் பாதிதான் பார்த்தவராவார்.

ராக்கி மலைத்தொடரில், வயோமிங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,357 மீட்டர் உயரத்தில் இந்த ஏரி விரிந்து கிடக்கிறது. இதன் பரப்பு ஏறத்தாழ 350 சதுர கிலோமீட்டர். வளைந்தும் நெளிந்தும் செல்லும் கரையின் நீளம் 220 கிலோமீட்டருக்கு மேல். ஆழம் மிகுந்த இடங்களில் 120 மீட்டரையும் தாண்டும். உயரத்தில் உதகமண்டலத்தைச் சற்றே விஞ்சும் இவ்விடம் நில நடுக்கோட்டிலிருந்து வடக்கே வெகுதொலைவில் இருப்பதால், டிசம்பர் இறுதிக்குள் ஏரி முழுவதும் உறைந்து, மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோதான் பனிக்கட்டி உடைந்து நீர் வெளிப்படுகிறது. ஆறு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு நிகழ்ந்த மாபெரும் எரிமலை வெடிப்பில் நிலம் உள்வாங்கி உண்டான கால்டெரா எனப்படும் பெரும்பள்ளத்தின் மேல் ஏரியின் கணிசமான பகுதி அமைந்திருக்கிறது; அதனால் மேலே கைவிறைக்கும் குளிர்நீரும், அடித்தளத்தின் சில இடங்களில் கொதிக்கும் ஊற்றுகளுமாக இருவேறு உலகங்கள் ஒரே நீர்நிலைக்குள் இருக்கின்றன.

இந்த ஏரிக்கு உரிய ஒரே டிரவுட் இனம் கட்த்ரோட். கீழ்த்தாடைக்கு அடியில், தொண்டையைக் கத்தியால் கீறியதுபோலச் செம்மஞ்சள் கோடு ஓடுவதால் வந்த பெயர் அது. இம்மீன் ஏரிக்குள் வந்த வழி புவியியலின் வியப்புகளுள் ஒன்று. ஏரியிலிருந்து புறப்படும் யெல்லோஸ்டோன் ஆறு சிறிது தொலைவிலேயே 33 மீட்டர், 94 மீட்டர் என அடுத்தடுத்து இரண்டு பேரருவிகளாக விழுவதால், கீழிருந்து எந்த மீனும் ஏறி வர இயலாது. ஆனால் பூங்காவின் தெற்கு எல்லைக்கு அப்பால், மழைநீரைப் பசிபிக் பெருங்கடலின் பக்கமும் அட்லாண்டிக் பெருங்கடலின் பக்கமும் பிரித்து அனுப்பும் கண்ட நீர்ப்பிரிமேட்டின் மேலே, இரு கடல் கணவாய் என்று பொருள்படும் பெயர்கொண்ட சமதளம் ஒன்று உண்டு. அங்கே ஒரே ஓடை இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை மேற்கே பசிபிக்கையும் மறு கிளை கிழக்கே அட்லாண்டிக்கையும் நோக்கிச் செல்கிறது. பனியுகம் முடிந்து பனிப்பாளங்கள் உருகிய பின்னர், பசிபிக் பக்கத்து ஆறுகளில் வாழ்ந்த கட்த்ரோட் அந்த ஓடை வழியாகவே மேடேறிக் கடந்து இந்த ஏரியை அடைந்தது. எதிரி மீன் எதுவும் பின்தொடராத அந்த உயர்ந்த நீரில் அது பல்லாயிரம் ஆண்டுகள் தனித்துப் பெருகியது.

கட்த்ரோட்டின் வாழ்க்கைமுறையில் ஒரு செய்தி மிக முக்கியமானது, பின்னால் சொல்லப்போகும் கேடு அனைத்தும் அதைச் சுற்றியே சுழல்கிறது. மே முதல் ஜூலை வரை இந்த மீன்கள் ஏரியை விட்டு நீங்கி, அதில் வந்து கலக்கும் பல பத்துச் சிற்றோடைகளுக்குள் ஏறி, முழங்கால் அளவுகூட இல்லாத தெளிந்த நீரில், கூழாங்கல் படுகையில் முட்டையிடுகின்றன. நீண்ட பனிக்காலத்தைப் பட்டினியாகத் தூங்கிக் கழித்து எழுந்து வரும் கிரிஸ்லி கரடிகளுக்கு, வேறு கொழுத்த உணவு அரிதாக இருக்கும் அந்தப் பருவத்தில், ஓடைக்குள் நெருங்கி நீந்தும் இம்மீன்கள் கைக்கெட்டும் விருந்து. தமிழில் விரால் அடிப்பான் என்று வழங்கும் மீன்கொத்திக் கழுகினம், வெண்தலைக் கழுகு, நீர்நாய், கூழைக்கடா என்று இதை உண்டு பிழைக்கும் பறவைகளும் விலங்குகளுமாக நாற்பதுக்கு மேற்பட்ட இனங்களை ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஏரியின் ஆழத்தில் சேர்ந்த ஊட்டத்தைக் காட்டுக்குள் சுமந்துசென்று சேர்க்கும் வேலையை அந்த மீன் செய்துவந்தது என்று சொல்வது மிகையாகாது.

1872ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள், உலகின் முதல் தேசியப் பூங்காவாக யெல்லோஸ்டோன் அறிவிக்கப்பட்டபோது, இந்த மீனைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. காட்டையும் வெந்நீர் ஊற்றுகளையும் போற்றிய அக்காலத்தவர், மீனைப் பிடித்து உண்பதற்கும் விளையாடுவதற்கும் உரிய பொருளாகவே கருதினர். பூங்காவின் நீர்நிலைகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அருவிகளால் தடுக்கப்பட்டு மீனே இல்லாதவையாக இருந்ததை ஒரு குறையாகக் கண்ட நிர்வாகம், 1889 முதல் அமெரிக்க மீன் ஆணையத்தின் உதவியோடு அவற்றில் குஞ்சுகளை விடத் தொடங்கியது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலிருந்து புரூக் டிரவுட், பசிபிக் பக்கத்திலிருந்து வானவில் டிரவுட், ஐரோப்பாவிலிருந்து பழுப்பு டிரவுட் என வந்த மீன்களோடு, 1890இல் மிச்சிகன் ஏரியிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏரி டிரவுட்டும் லூயிஸ், ஷோஷோன் என்னும் இரண்டு சிறிய ஏரிகளில் விடப்பட்டது. அக்காலத்தில் இது உலகெங்கும் பரவியிருந்த பழக்கம். நீலகிரியின் அவலாஞ்சி ஓடைகளிலும் மூணாறின் மலைநீரிலும் ஆங்கிலேயர் டிரவுட்டைக் கொண்டுவந்து பெருக்கியது இதே மனப்போக்கினால்தான். அந்த நீரில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருப்பது எது, புதியது வந்தால் அதன் கதி என்ன என்ற கேள்வி எங்குமே கேட்கப்படவில்லை.

பெரிய ஏரி நல்லவேளையாக அப்போது தப்பியது. ஆனால் அதற்கு வேறு வகையான சுமை ஏற்பட்டது. கரையோர ஓட்டல்களின் சாப்பாட்டு மேசைக்காக வலைபோட்டு மீன் அள்ளப்பட்டது. முட்டையிட ஓடையேறும் மீன்களைப் பிடித்து, வயிற்றை அழுத்தி முட்டைகளைச் சேகரித்து, பிற மாநிலங்களுக்கும் வெளியூர்ப் பொரிப்பகங்களுக்கும் அனுப்பும் பணி 1899 முதல் 1950களின் நடுப்பகுதி வரை நடந்தது. அவ்வாறு ஏரியிலிருந்து வெளியேறிய முட்டைகள் 80 கோடிக்கும் அதிகம். ஏரியிலிருந்து ஆறு புறப்படும் இடத்தில், மீன்பிடிப் பாலம் என்றே பெயர்பெற்ற மரப்பாலத்தின் இருபுறமும் தோளோடு தோள் உரச வரிசையாக நின்று தூண்டில் போடும் கூட்டம் அக்காலப் படங்களில் காணக்கிடைக்கிறது. அந்த இடமே மீன்கள் முட்டையிடும் படுகை என்பதை உணர்ந்து, 1973இல் பாலத்திலிருந்து மீன்பிடிப்பது தடைசெய்யப்பட்டது. பிடிக்கும் எண்ணிக்கைக்கும் அளவுக்கும் வரம்புகள் வந்தன. பலன் விரைவில் தெரிந்தது. கிளியர் என்னும் ஓடையில் மட்டும் 1978ஆம் ஆண்டு 70,000க்கு மேற்பட்ட கட்த்ரோட் மீன்கள் ஏறியதாக எண்ணப்பட்டது. தூண்டில்காரரின் கையைக் கட்டினால் மீன் மீளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த நிம்மதி நீண்டநாள் நிலைக்கவில்லை. 1994ஆம் ஆண்டு கோடையில், படகில் சென்று தூண்டில் போட்ட ஒருவரின் முள்ளில் ஏரி டிரவுட் ஒன்று சிக்கியது. ஏரி டிரவுட் முன்பே விடப்பட்டிருந்த லூயிஸ் ஏரியின் நீர் பசிபிக் பக்கம் ஓடுவது, யெல்லோஸ்டோன் ஏரியின் நீரோ அட்லாண்டிக் பக்கம் ஓடுவது. ஆகவே ஆழ்நீரை விரும்பும் இம்மீன் தானாகவே கடந்து வந்திருக்க வழியில்லை என்றும், மனிதர் எவரோதான் கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும் என்றும் அறிவியலாளர் முடிவுசெய்தனர். அதற்கு ஆதாரம் மீனின் காதுக்குள்ளேயே இருந்தது. மீனின் உட்காதில் சுண்ணச் சத்தாலான சிறு கல் ஒன்று ஆண்டுதோறும் வளையம் வளையமாக வளர்கிறது. அந்தந்த ஆண்டில் மீன் வாழ்ந்த நீரிலுள்ள தனிமங்களின் சுவடு அந்தந்த வளையத்தில் பதிந்துவிடுகிறது. வயது முதிர்ந்த சில மீன்களின் காதுக்கற்களை ஆராய்ந்தபோது, அவை இளமையில் லூயிஸ் ஏரியின் நீரில் வளர்ந்து, 1980களில் இடம்மாறியவை என்பது வெளிப்பட்டது.

ஏரி டிரவுட் பிற மீன்களைத் தின்று வளர்வது, இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது, கட்த்ரோட்டைப் போலப் பலமடங்கு எடை ஏறுவது. ஒரு முதிர்ந்த ஏரி டிரவுட் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 41 கட்த்ரோட் மீன்களை விழுங்குவதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. எதிரியையே அறியாமல் வளர்ந்த இனத்துக்கு இதைத் தாங்கும் வலு இல்லை. 1998இல் கண்டறியப்பட்ட, குஞ்சுகளின் முதுகெலும்பைக் கோணலாக்கி வட்டமாகச் சுழன்று நீந்தவைக்கும் சுழல்நோயும், ஓடைகளை வற்றவைத்த வறட்சியும் சேர்ந்துகொள்ள, முன்பு 70,000 மீன்கள் ஏறிய அதே கிளியர் ஓடையில் 2007இல் ஏறியவை 600ஐக்கூட எட்டவில்லை.

ஒரு மீனின் இடத்தில் இன்னொரு மீன் வந்தால் கரடிக்கும் கழுகுக்கும் என்ன இழப்பு என்று கேட்கத் தோன்றலாம். ஏரி டிரவுட் ஓடைக்குள் ஏறுவதே இல்லை. இலையுதிர்காலத்தில் ஏரிக்குள்ளேயே பாறைப் படுகைகளில் முட்டையிட்டு, ஆண்டின் பெரும்பகுதியைக் கரடியின் நகமும் கழுகின் கால்விரலும் எட்டாத ஆழத்தில் கழிக்கிறது. எனவே ஓடைக்கரைகளில் மீன்தேடும் கரடிகள் அருகி, அவை எல்க் மானின் கன்றுகளை முன்னினும் அதிகமாக வேட்டையாடத் தொடங்கின. ஏரியைச் சுற்றியிருந்த விரால் அடிப்பான் கூடுகள் வேகமாகக் குறைந்தன. வெண்தலைக் கழுகுகள் நீர்ப்பறவைகளின் குஞ்சுகள்மேல் பாய்ந்தன. ஏரி நீரின் தெளிவுகூட மாறியது: கட்த்ரோட் தின்றுவந்த மிதக்கும் நுண்விலங்குகள் தின்பாரின்றிப் பெருத்து, அவை நுண்பாசியை மேலும் உண்ண, நீர் முன்பைவிடத் தெளிவடைந்தது. ஒரு குளத்து மீன் குறைந்ததால் மலைச்சரிவில் மான்கன்று சாகும் என்று முன்கூட்டி எவரும் சொல்லியிருக்க முடியாது. உயிர்களுக்கிடையே ஓடும் இழைகள் எவ்வளவு நீளமானவை என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் இடம் உலகில் அதிகம் இல்லை.

தேசியப் பூங்காத் துறை எடுத்த முடிவு கடுமையானது. மீனின் தலை கண்ணியில் நுழைந்து செவுள் மாட்டிக்கொள்ளும்படி அமைந்த செவுள் வலைகளை, கட்த்ரோட் அதிகம் செல்லாத ஆழத்தில், பனி உடைந்தது முதல் அக்டோபர் வரை படகுகள் இடைவிடாமல் விரிக்கின்றன. மிச்சிகன் போன்ற பேரேரிகளின் பகுதியில் தொழில்முறையில் மீன்பிடித்துப் பழகியவர்களே இதற்காக ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். சில மீன்களின் வயிற்றில் சிறு வானொலிக் கருவியைப் பொருத்தி மீண்டும் நீரில் விட்டு, அவை கூட்டத்தோடு சேருமிடத்தைக் கண்டறிந்து அங்கே வலை வீசுவதும் உண்டு. முட்டையிடும் படுகைகளின்மேல் செத்த மீன்களையோ தாவரப் பொருளால் செய்த உருண்டைகளையோ கொட்டி, அவை அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்து முட்டைகள் மடியும்படி செய்யும் முறையும் அண்மைக்காலத்தில் கையாளப்படுகிறது. சில ஆண்டுகளில் ஒரே பருவத்தில் 3,00,000க்கும் மேற்பட்டவையும், தொடக்கம் முதல் இன்றுவரை 40 லட்சத்துக்கும் மேற்பட்டவையும் அகற்றப்பட்டுள்ளன. ஏரி டிரவுட் எந்தக் குற்றமும் செய்யவில்லை. தன் இயல்பின்படி வாழ்ந்தது, அவ்வளவே. மனிதர் கை செய்ததை மனிதர் கையே இவ்வளவு உயிர்களைப் பலியிட்டுத் திருத்த வேண்டியிருப்பது வருந்தத்தக்கது. ஆயினும் திருத்தாமல் விடுவது அதனினும் பெரிய அழிவுக்கு உடன்படுவதாகும். ஓடைகளில் கட்த்ரோட் மீண்டும் தென்படத் தொடங்கியிருக்கிறது. பழைய எண்ணிக்கை இன்னும் தொலைவில்தான் இருக்கிறது.

தூண்டிலோடு வரும் பயணி இந்த வரலாற்றுக்குள்தான் கால்வைக்கிறார். பூங்காவுக்கெனத் தனி மீன்பிடி அனுமதிச் சீட்டு உண்டு. 16 வயது நிரம்பியவர் அதை வாங்கியாக வேண்டும், மாநில அரசுகள் வழங்கும் உரிமம் இங்கே செல்லாது. பருவம் மே மாத இறுதியில் தொடங்கி இலையுதிர்காலம் வரை நீடிக்கிறது. ஆனால் ஏரியில் கலக்கும் ஓடைகள், முட்டையிடும் மீன்களுக்கும் அவற்றைத் தேடிவரும் கரடிகளுக்கும் இடையூறு நேராதபடி, ஜூலை நடுப்பகுதி வரை மூடப்பட்டிருக்கும். மண்புழு, சிறுமீன், மணமூட்டிய உருண்டை போன்ற இரைகளுக்கு இடமில்லை. இறகும் நூலும் கொண்டு பூச்சியைப்போலக் கட்டிய போலி இரையும், நீரில் மினுங்கிச் சுழலும் உலோகத் தகடும் மட்டுமே ஏற்கப்படும். முள்ளின் நுனிக்குப் பின்னால், மாட்டிய மீன் நழுவாமல் தடுக்க எதிர்த்திசையில் நீண்டிருக்கும் சிறு கூர்முனையை இடுக்கியால் நசுக்கிச் சமப்படுத்தியிருக்க வேண்டும். விடுவிக்கும்போது வாய் கிழியாதிருக்க அதுவே வழி. ஈயக் குண்டுகள் பறவைகளின் வயிற்றில் சேர்ந்து நஞ்சாவதால் அவற்றுக்கும் தடை. வழுக்காமல் இருக்கத் தூண்டில்காரர் விரும்பி அணிந்துவந்த, கம்பளித் துணி போன்ற அடிப்பாகம் கொண்ட காலணிகள் 2018 முதல் விலக்கப்பட்டன. அந்தத் துணியின் ஈரத்தில் அயல்நீரின் நுண்ணுயிர்களும் நத்தைகளும் ஒளிந்து வந்துவிடும் என்பதே காரணம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கையிலிருப்பது எந்த மீன் என்று அறிவது. கட்த்ரோட்டின் உடல் மஞ்சள் கலந்த வெளிர்நிறம், அதன்மேல் கரும்புள்ளிகள் வாலை நோக்கிச் செல்லச் செல்ல அடர்ந்திருக்கும், தாடைக்கீழ்ச் செங்கோடு தவறாமல் இருக்கும். ஏரி டிரவுட்டோ இதற்கு நேர்மாறாகக் கருத்த உடலில் வெளிர்புள்ளிகள் கொண்டது. வால் ஆழமாகப் பிளந்திருக்கும், அடித்துடுப்புகளின் முன்விளிம்பு வெண்மையாக இருக்கும். கட்த்ரோட் என்று தெரிந்ததும் கையை நனைத்துக்கொண்டு, செவுளைத் தொடாமல், கூடுமானவரை நீருக்குள்ளேயே வைத்து முள்ளை நீக்கிவிட வேண்டும். உலர்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்பான காப்புப் படலம் உரிந்து நோய் தொற்றும். நிழற்படத்துக்காக மீனை வெகுநேரம் உயர்த்திப் பிடிப்பவர், விடுவித்துவிட்டோம் என்ற மனநிறைவோடு சாகும் மீனை நீரில் விடுகிறார் என்பதை உணர்வது நல்லது.

தங்குவதற்கு ஏரியின் வடகரையில் பிரிட்ஜ் பே, மேற்குக் கரையில் கிராண்ட் வில்லேஜ் ஆகிய இடங்களில் பெரிய கூடாரத் திடல்கள் உள்ளன. கோடையில் இடம் எளிதில் கிடைக்காது என்பதால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்கிறார்கள். மீன்பிடிப் பாலத்தருகே உள்ள திடலில் துணிக் கூடாரத்துக்கு அனுமதியில்லை, கெட்டியான சுவர்கொண்ட வண்டிகள் மட்டுமே நிற்கலாம். கரடிகள் அடிக்கடி நடமாடும் இடம் அது. தென்புறத்து நீண்ட ஏரிக்கரங்களில், படகிலோ நெடுநடையிலோ மட்டுமே அடையக்கூடிய தனித்த தங்குமிடங்கள் உண்டு. அவை மிக அழகானவை, மிக ஆபத்தானவையும்கூட. பிற்பகலில் திடீரென எழும் காற்று சில நிமிடங்களில் ஆளுயர அலைகளை எழுப்பிவிடும். கோடையிலும் நீர் கடுங்குளிராக இருப்பதால், கவிழ்ந்த படகிலிருந்து விழுந்தவர் அரைமணி நேரம் தாங்குவதே அரிது. சிறு தோணிகளில் செல்வோர் விடியற்காலையில் புறப்பட்டு நண்பகலுக்குமுன் கரையை ஒட்டியே சென்று சேர்வது அங்கு எழுதப்படாத ஒழுங்கு. மேற்குக் கரையிலுள்ள வெஸ்ட் தம்ப் விரிகுடாவில், நீரின் ஓரமாகக் கூம்புவடிவில் நிற்கும் வெந்நீர் ஊற்று ஒன்றைக் காணலாம். 19ஆம் நூற்றாண்டில் பயணிகள் ஏரியில் பிடித்த மீனைத் தூண்டிலிலிருந்து கழற்றாமலேயே அந்த ஊற்றில் தோய்த்து வேகவைத்து உண்டார்கள். அந்த வேடிக்கையில் வெந்நீர் பட்டுக் காயமுற்றவரும் உண்டு, ஊற்றும் சேதமுற்றது. இன்று அது தடைசெய்யப்பட்ட செயல்.

கரடியிடமும் ஓநாயிடமும் 91 மீட்டருக்கும், பிற பெரும்பாலான விலங்குகளிடம் 23 மீட்டருக்கும் அருகில் செல்வது குற்றம். கரடி விரட்டும் மிளகாய்த் தெளிப்பானைப் பைக்குள் புதைத்து வைக்காமல் இடுப்பிலேயே மாட்டியிருக்க வேண்டும். கூடாரத்தில் ஒரு பிஸ்கட் துண்டோ பற்பசையோகூட இருக்கக்கூடாது. திடல்களில் அதற்கென இரும்புப் பெட்டிகள் இருக்கின்றன, தனித்த தங்குமிடங்களில் உணவுப்பையைத் தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில், மரத்தண்டிலிருந்து தள்ளித் தொங்கவிட வேண்டும். மனித உணவின் சுவையை ஒருமுறை அறிந்த கரடி மீண்டும் மீண்டும் வரும், இறுதியில் அதைக் கொல்ல நேரிடும். ஆகவே கவனக்குறைவாக வைத்த உணவுக்கான விலையைப் பெரும்பாலும் கரடியே செலுத்துகிறது.

ஏரி டிரவுட் கிடைத்தவர் அதை உண்ணலாம். கொழுப்பு மிக்க, சுவையான மீன் அது. ஏரியில் பிடித்து அடுப்பேற்ற அனுமதியுள்ளதும் அதுதான். உண்ண விரும்பாதவர், மீனைக் கொன்றபின் வயிற்றிலுள்ள காற்றுப்பையைக் குத்திவிட்டு, மிதந்து கரையொதுங்காதபடி ஆழமான நீரில் போட வேண்டும். அதன் உடலில் சேர்ந்த ஊட்டம் அந்த ஏரிக்கே திரும்புகிறது. சமைப்பவர் குடலையும் கழிவையும் தங்குமிடத்திலிருந்து தள்ளி அதே முறையில் ஆழ்நீரில் சேர்த்து, மீனைக் கூடாரத்திலிருந்து நன்கு விலகிய இடத்தில் வேகவைத்து, பாத்திரத்தை உடனே கழுவி, மீன்வாடை பட்ட சட்டையையும் தூண்டில் பையையும் உணவோடு சேர்த்து இரும்புப் பெட்டியில் பூட்டிய பிறகே படுக்கச் செல்ல வேண்டும்.